பரணில் இருக்கும் குடும்ப வரலாறு

உங்கள் அப்பாவின் தாத்தா பெயர் என்ன என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் சொல்லிவிடுவீர்கள். அந்தத் தாத்தாவின் மனைவி பெயர் என்ன, அவர் எந்த ஊரில் பிறந்தவர் என்று கேட்டால்? நம் அன்பர்கள் பலரிடம் நான் இதைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். "திருநெல்வேலிப் பக்கம்" என்பதோடு பதில் நின்றுவிடுகிறது.

சொந்த ஊரிலேயே இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம் அல்ல. வீடு இருக்கிறது, கோயில் இருக்கிறது, தெருவில் கேட்டால் சொல்ல நாலு பெரியவர்கள் இருக்கிறார்கள். வெளியே வந்து குடியேறிய நம் நிலை வேறு. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் திவான் ராஜா கேசவதாஸ் சாலைக் கடைத்தெருவை ஏற்படுத்தியதிலிருந்து வியாபாரத்துக்காக வந்தவர்கள் நம்மில் உண்டு. கோட்டைக்குள்ளும் கரமனையிலும் வலியசாலையிலும் அக்கிரகாரங்களில் குடியமர்ந்தவர்கள் உண்டு. திருவிதாங்கூர் அரசாங்க உத்தியோகத்துக்கு வந்த நாஞ்சில் நாட்டார் உண்டு. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, சொந்த ஊர் அந்தப் பக்கமும் பிழைப்பு இந்தப் பக்கமுமாக நின்றவர்கள் உண்டு. கொஞ்சம் வடக்கே போனால், 1964ஆம் ஆண்டு சாஸ்திரி - சிரிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து புனலூர் ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்கள் உண்டு. இவர்கள் எல்லோருடைய கதையும் தமிழில் எழுதப்பட்டது அல்லது தமிழில் பேசப்பட்டது. பேரப்பிள்ளைகள் பள்ளியில் படிப்பதோ மலையாளமும் ஆங்கிலமும் இந்தியும். கடிதக் கட்டு கையில் கிடைத்தாலும் அவர்களுக்கு அது வெறும் காகிதம்தான்.

அதனால்தான் இந்த வேலையை இப்போதே செய்ய வேண்டும் என்கிறேன். காகிதம் கூடக் கொஞ்சம் காத்திருக்கும். மனிதர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

நான் ரயில்வேயில் எஞ்சினியரிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். புது லைன் போடுவதற்கு லெவல் எடுக்கும்போது நாங்கள் ஒரு விதியை மீற மாட்டோம். உயரம் நிச்சயமாகத் தெரிந்த ஒரு புள்ளியில், அதாவது பெஞ்ச் மார்க்கில் தொடங்கி, அங்கிருந்து ஒவ்வோர் அடியாகத் தெரியாத இடத்துக்குப் போவோம். முடிவில் இன்னொரு பெஞ்ச் மார்க்கில் கொண்டுபோய்ச் சேர்த்து, கணக்கு ஒத்து வருகிறதா என்று பார்ப்போம். ஒத்து வராவிட்டால் எவ்வளவு தூரம் நடந்திருந்தாலும் அந்த லெவல் செல்லாது. குடும்ப வரலாறும் இப்படித்தான். தொடங்க வேண்டிய இடம் நீங்கள். உங்கள் பிறந்த தேதி, ஊர். பிறகு அப்பா அம்மா, பிறகு அவர்களுடைய பெற்றோர். எடுத்த எடுப்பிலேயே "எங்கள் முன்னோர் மார்த்தாண்ட வர்மாவிடம் மந்திரியாக இருந்தார்" என்று உச்சியில் தொடங்குகிறவர்கள் ஒருநாளும் கீழே வந்து சேர்வதில்லை. கணக்கப்பிள்ளையாக இருந்தால் கணக்கப்பிள்ளை என்றே எழுதுங்கள். அதில் ஒரு குறைவும் இல்லை. என் தாத்தாவும் சாலைக் கடைத்தெருவில் ஒரு மண்டியில் கணக்கப்பிள்ளைதான்.

வீட்டுப் பெரியவர்களிடம் கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. "எந்த வருஷம்?" என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது, நாலு தடவை கேட்டால் கோபமும் வரும். "வெள்ளத்துக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கேளுங்கள். இந்தப் பக்கத்துப் பழைய ஆட்களுக்கு வெள்ளம் என்றால் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம், அதாவது கொல்லம் 1099 கர்க்கடகம், 1924 ஜூலை. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்று நம்மிடையே அநேகமாக இல்லை. ஆனால் அவர்கள் சொல்லக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். அதைப் போலவே 1936 நவம்பரில் கோயில் நுழைவு விளம்பரம் வந்த சமயம், யுத்த காலத்து அரிசிப் பஞ்சம், 1956 மாநிலப் பிரிவினை, 1964 தனுஷ்கோடிப் புயல். "அப்போது அம்மா கைப்பிள்ளையா, ஸ்கூலுக்குப் போய்க்கொண்டிருந்தாளா?" என்று கேட்டால் டக்கென்று பதில் வரும்.

சொந்த ஊர் எது என்றே தெரியாதவர்கள் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும். பங்குனி உத்திரத்துக்கு நாம் எந்தச் சாஸ்தா கோயிலுக்குப் போவோம்? நெல்லை, குமரி மாவட்டத்துக் குடும்பங்களுக்கு இதைவிட நல்ல தடயம் கிடையாது. ஊரை விட்டு வந்து மூன்று தலைமுறை ஆகியிருக்கும், நிலம் போயிருக்கும், வீடு இடிந்திருக்கும். ஆனாலும் ஏதோ ஒரு குளக்கரையில் இருக்கும் சாஸ்தாவுக்கு வருஷத்துக்கு ஒருமுறை போயிருப்பார்கள். அன்றைக்கு அங்கே வருகிறவர்கள் எல்லாம் பெரும்பாலும் உங்கள் பங்காளிகள்தான். ஒரு நோட்டுப் புத்தகத்தோடு காலை பத்து மணிக்குப் போய் உட்கார்ந்தால் போதும். கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் சபையின் ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும் இருக்கின்றன. முஸ்லிம் குடும்பங்களுக்குப் பள்ளிவாசல் நிக்காஹ் பதிவேடு. தர்ப்பணம் செய்யும் வழக்கம் உள்ள வீடுகளில் மூன்று தலைமுறைப் பெயர்கள் வாயிலேயே இருக்கும்.

பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. நாம் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிறவர்கள். ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வந்துகொண்டே இருக்கும். பத்திரத்தில் இருக்கும் பெயர் தாத்தாவா, தாத்தாவின் தாத்தாவா என்று தந்தை பெயரையும் வருஷத்தையும் வைத்துத்தான் பிரிக்க வேண்டும். இனிஷியலை அலட்சியப்படுத்தாதீர்கள். இரண்டு இனிஷியல் இருந்தால் பல குடும்பங்களில் முதல் எழுத்து ஊர்ப் பெயர்.

நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்களுக்கு இன்னொரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அவர்களிடையே வெகுகாலம் மருமக்கள் வழி இருந்தது. சொத்து தாய்மாமனிடமிருந்து மருமகனுக்குப் போகும். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' எழுதி இதைக் கேலி செய்தது பலருக்கும் நினைவிருக்கும். 1926ஆம் ஆண்டு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தபின் அந்த வழக்கம் மாறியது. ஆகவே அதற்கு முற்பட்ட பத்திரங்களில் சொத்துக்கு உரியவராகத் தகப்பனாரைத் தேடினால் கிடைக்க மாட்டார். காரணவரான மாமாவைத் தேட வேண்டும்.

இனி வீட்டிலேயே இருக்கும் காகிதங்கள். பத்திரங்கள், ஜாதகங்கள், கல்யாணப் பத்திரிகைகள், பஞ்சாங்கத்தின் ஓரத்தில் "இன்று பெண் குழந்தை ஜனனம்" என்று பென்சிலால் எழுதிய குறிப்பு. எல்லாவற்றிலும் மேலாக நான் மதிப்பது மொய் நோட்டு. யார் யார் வந்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எவ்வளவு செய்தார்கள் என்று ஒரே இரவில் எழுதப்பட்ட உறவுப் பட்டியல் அது. பொய் சொல்ல யாருக்கும் அங்கே அவசியம் இல்லை. தாய்மாமன் பெயர் முதலில் இருக்கும். அதை வைத்தே பாட்டி வழியைப் பிடித்துவிடலாம். இதைத்தான் வீடு மாறும்போது முதலில் தூக்கி எறிகிறோம்.

பழைய தாள்களைப் படிக்க மூன்று சின்னக் கணக்குகள் வேண்டும். கொல்லம் ஆண்டு சிங்க மாதத்தில், அதாவது ஆவணியில் தொடங்குகிறது. அதிலிருந்து டிசம்பர் முடியும்வரை 824ஐயும், ஜனவரி முதல் ஆடி முடியும்வரை 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். கொல்லம் 1106 மகரம் என்றால் 1931 ஜனவரி - பிப்ரவரி. தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருந்தால் கவனம் வேண்டும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். பிங்கள வருஷம் 1917லும் வந்தது, 1977லும் வந்தது. தமிழ் இலக்கங்களில் ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். நில அளவில் மா என்பது இருபதில் ஒரு பங்கு, மாகாணி பதினாறில் ஒரு பங்கு, காணி எண்பதில் ஒரு பங்கு, முந்திரி முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. காசுக் கணக்கு என்றால் திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு மட்டும் இருபத்தெட்டரைச் சக்கரம். சம்பளம் "40 பணம்" என்று எழுதியிருந்தால் பெரிய தொகை என்று நினைத்துவிட வேண்டாம். ஆறு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு.

கேட்ட கதையை எழுதிக்கொண்டால் மட்டும் போதாது. சரி பார்க்க வேண்டும். இங்கே என் பழைய உத்தியோகம் கைகொடுக்கிறது. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு மலையைக் குடைந்து கொல்லத்துக்கு ரயில் வந்தது 1904ல். அது திருவனந்தபுரத்தை எட்டியது 1918ல். தம்பானூர் ஸ்டேஷன் வந்தது 1931ல். அதற்கு முன்னால் கொல்லம்வரை ரயில், பிறகு படகு அல்லது மாட்டு வண்டி. தெற்கே திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு ரயில் ஓடத் தொடங்கியதோ 1981ல்தான். அதுவரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வண்டியும் பிறகு பஸ்ஸும். ஆகவே "எங்கள் தாத்தா 1900ல் செங்கோட்டையிலிருந்து ரயிலேறி வந்தார்" என்று யாராவது சொன்னால் ஆண்டு தவறு அல்லது ரயில் தவறு. கதை முழுவதும் பொய் என்று அர்த்தம் இல்லை. எந்தப் பகுதியை நம்பலாம் என்று தெரிந்துகொள்கிறோம், அவ்வளவுதான்.

என் வீட்டு உதாரணத்தையே சொல்கிறேன். தாத்தா அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்திலிருந்து வந்தவர். வெள்ளத்துக்குப் பிறகு வந்தார் என்று ஒரு சாரார். புது ரயிலில் வந்தார் என்று இன்னொரு சாரார். வீட்டில் ஒரு வெண்கல உருளி. ஆச்சியின் கல்யாணச் சீராக ஊரிலிருந்து வந்தது என்று எல்லோரும் நம்பினார்கள். விளிம்பில் ஏதோ வெட்டியிருந்தது. நூறு வருஷம் புளி போட்டுத் தேய்த்ததில் மங்கிப்போய்விட்டது. மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தோம். எழுத்து வந்தது, ஆனால் எனக்குப் பிடிபடவில்லை. தமிழ் படிக்கத் தெரியாத என் பேத்தி எட்டிப் பார்த்து ஆச்சியின் பெயரைச் சட்டென்று வாசித்தாள். அது மலையாள எழுத்து. அதன் பக்கத்தில் 1094. அம்பாசமுத்திரத்துப் பாத்திரக்காரர் மலையாளத்தில் பெயர் வெட்ட வேண்டிய அவசியம் என்ன? ஆகவே பெயர் வெட்டியது இந்த ஊரில். கொல்லம் 1094 என்றால் 1918 - 19. வெள்ளத்துக்கு ஐந்து வருஷம் முன்னாலேயே அவர்கள் இங்கே குடித்தனம் நடத்தியிருக்கிறார்கள். ரயில் வந்த ஆண்டோடும் கணக்கு ஒத்துப் போகிறது. இப்படி இரண்டு தனித்தனிச் சான்றுகள் ஓரிடத்தில் சேர்ந்தால் அதை நம்பலாம்.

வீட்டில் தேடி முடிந்த பிறகே வெளியே தேட வேண்டும். பழவங்காடியிலிருந்து நடந்து போகும் தூரத்தில், கோட்டைக்குள் கேரள அரசின் மத்திய ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஒரு காலத்தில் சிறையாகவும் இருந்த பழைய கட்டடம். ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஓலைகள் அங்கே இருப்பதாகச் சொல்கிறார்கள். ஓலைகளை வட்டமாகக் கட்டிச் 'சுருணை' என்பார்கள். பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஓலைகளும் இந்தத் தொகுப்பில் சேர்ந்தவை. 2022 டிசம்பரில் அங்கேயே ஓர் ஓலைச்சுவடி அருங்காட்சியகமும் திறந்தார்கள். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டிய இடம். பழைய ஓலைகள் வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை என்ற எழுத்துகளில் இருக்கும். பழகியவர்களைத் தவிர யாராலும் படிக்க முடியாது. நிலம் வைத்திருந்தவர்கள், அரசாங்க வேலை பார்த்தவர்கள், கோயில் ஊழியம் செய்தவர்கள் ஆகியோரின் பெயர் அரசாங்க ஆவணங்களில் கிடைக்க வாய்ப்பு உண்டு. வாடகை வீட்டில் இருந்து கடையில் வேலை பார்த்தவர்களுக்கு வாய்ப்பு குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிலம் உள்ளவர்களுக்கு முக்கியமானது, 1880களில் தொடங்கிய திருவிதாங்கூர் நிலவரி செட்டில்மென்ட் பதிவேடுகள். அவற்றைத் தேட சர்வே எண், பகுதி, தாலுகா மூன்றும் கையில் இருக்க வேண்டும். வெறும் பெயரோடு போனால் அலைச்சல்தான் மிஞ்சும்.

இந்த ஊரில் பழைய கல்வெட்டுகளைக் கொண்டு வரலாறு எழுதும் வேலைக்கு அடிகோலியவர்களில் ஒருவர் தமிழர் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. 'மனோன்மணீயம்' எழுதிய பெ. சுந்தரம் பிள்ளை, 1855ல் ஆலப்புழையில் பிறந்தவர். இங்கே மகாராஜா கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். கல்வெட்டுகளைப் படித்து வேணாட்டு அரசர்களின் காலத்தை வரிசைப்படுத்தினார். 42 வயதுகூட நிறைந்தும் நிறையாமலும் 1897ல் மறைந்துவிட்டார். கேட்ட கதையைக் கல்லில் உள்ள ஆண்டோடு ஒத்துப் பார்த்தார் அவர். நாம் உருளியோடு ஒத்துப் பார்க்கிறோம்.

கடல் கடந்து போன தமிழர்களுக்கு ஒரு வகையில் நம்மைவிட வசதி அதிகம். சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பரில் டர்பனுக்குப் போய்ச் சேர்ந்த 'ட்ரூரோ' கப்பல் தொடங்கி, 1911வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளர்கள் 1,52,000 பேருக்கும் மேல். ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, கிராமம், உடலில் உள்ள அடையாளம் என்று எழுதிவைத்தார்கள். மொரீஷியசில் மோக்கா என்ற ஊரில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் அத்தகைய பதிவேடுகள் புகைப்படங்களோடு இருக்கின்றன. அடிமை போலக் கணக்கெடுத்தவர்கள் எழுதியதுதான். ஆனாலும் இன்று கொள்ளுப்பேரன் தன் கிராமத்தின் பெயரை அதில்தான் காண்கிறான். ஆரல்வாய்மொழி வழியாக மாட்டு வண்டியில் வந்த நம் பாட்டனாரை யாரும் பதிவு செய்யவில்லை.

பொருள்களைப் பாதுகாப்பது பற்றிச் சில வார்த்தைகள். நம்மவர்கள் பழைய பாத்திரத்தை எடைக்குப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்குவது இன்னும் நின்றபாடில்லை. எங்கள் சாலை வீடு விற்றபோதும் ஒன்பது பாத்திரங்களில் இரண்டு எடைக்குப் போய்விட்டன. என்ன பெயர் வெட்டியிருந்தது என்று இனித் தெரிந்துகொள்ள வழியில்லை. கொடுத்தே ஆக வேண்டும் என்றால், கொடுப்பதற்கு முன் விளிம்பையும் அடியையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் மங்கிய வெட்டும் தெரியும். பெயர் உள்ள இடத்தைப் புளியும் பவுடரும் போட்டுத் தேய்க்காமல் துணியால் துடைத்தால் போதும்.

ஓலைக்கட்டு இருந்தால் ஒட்டிக்கொண்ட ஏடுகளைப் பிரிக்க முயலக் கூடாது. ரப்பர் பேண்டு போடக் கூடாது. எலுமிச்சைப்புல் தைலம் தடவுவது பழைய முறை. இந்த நாட்டில் புல்தைலம் என்று சுலபமாகக் கிடைக்கும். ஆனால் எழுத்தில் மை ஏற்றுவது, தைலம் பூசுவது இரண்டையும் தெரிந்தவரிடம் விட்டுவிடுவது நல்லது. காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசைச் சுவடி நூலகம் இருக்கிறது. பல வீட்டு ஓலைகள் வைத்தியமாகவோ மந்திரமாகவோ ஜாதகமாகவோதான் இருக்கும். அதில் குடும்ப வரலாறு இல்லை என்று ஏமாற வேண்டாம். ஜாதகத்தில் பெற்றோர் பெயர் இருந்தால் அதுவே லாபம்.

காகிதத்தை லாமினேஷன் செய்யாதீர்கள். பின்னால் பிரிக்கவே முடியாது. இங்குள்ள மழையும் ஈரமும் நமக்குத் தெரியும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைத்தால் பூசணமும் இராமபாணப் பூச்சியும் வரும். உள்சுவர்ப் பக்கமாக, தரையிலிருந்து உயர்த்தி, வசம்புத் துண்டு போட்ட பெட்டியில் வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை திறந்து நிழலில் காற்றாட விடுங்கள், வெயிலில் அல்ல.

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பிள்ளையார் கதை தெரியும் என்று தெரியவில்லை. பத்மநாபபுரத்தில் திருவிதாங்கூர்ச் சிப்பாய்கள் கும்பிட்ட பிள்ளையார் அவர். தலைநகரம் இங்கே மாறியபோது அவரையும் கொண்டுவந்தார்கள். திருவிதாங்கூர் ராணுவம் இந்திய ராணுவத்தோடு சேர்ந்த பிறகும், கோயிலை இன்றுவரை ராணுவமே பராமரிக்கிறது. சமஸ்தானம் போய்விட்டது, ராணுவத்தின் பெயர் மாறிவிட்டது. பழைய ஆட்கள் விட்டுப்போன பொறுப்பை மட்டும் விடவில்லை.

தேடும்போது நமக்குப் பிடிக்காத விஷயங்களும் வெளிப்படும். கடனால் போன நிலம், மறைத்துவைத்த இரண்டாம் கல்யாணம், வீட்டை விட்டு ஓடிப்போனவர். எழுதி வையுங்கள், ஆனால் உயிரோடு இருப்பவர்களைப் பற்றியதை உறவினர் வாட்ஸ்ஆப் குழுவில் போடாதீர்கள். பிறந்த தேதிகளையும் அப்படியே. இதனால் பேச்சுவார்த்தை முறிந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

கடைசியாகப் புகைப்படங்கள். முதலில் பின்பக்க அட்டையைப் பாருங்கள். ஸ்டூடியோவின் பெயரும் ஊரும் அச்சிட்டிருக்கும். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தை இழுக்காமல் கண்ணாடியோடு சேர்த்தே படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்புறம் பேனாவால் எழுதினால் மை முன்னால் ஊறும். மென்மையான பென்சிலால், அழுத்தாமல், இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதுங்கள். தமிழில் ஒரு வரி, குழந்தைகளுக்கு எந்த எழுத்து வருமோ அதில் ஒரு வரி. என் பெரிய அத்தையின் கல்யாணப் படத்தில் பதினாலு பேர். 2018 ஓணம் விடுமுறையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பதினோரு பேரின் பெயரை எழுதிக்கொண்டேன். களைத்துப்போய், "மீதியை அப்புறம் சொல்லுதேன்" என்றார். அடுத்த வருஷம் 91ஆவது வயதில் காலமானார். பின்வரிசையில் வலது ஓரம் நிற்கும் மூன்று பேருக்கு நேரே பென்சிலால் ஒரு கோடு மட்டும் போட்டு வைத்திருக்கிறேன். படத்தின் பிரதிகளை அம்பாசமுத்திரத்திலும் சென்னையிலும் இருக்கும் உறவினர்களுக்கு அனுப்பியாயிற்று. பதில் இன்னும் வரவில்லை.